குடும்பத்துடன் சாகசப் பூங்காவுக்குச் செல்ல இருப்பவர்களின் கவனத்திற்கு

விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஒரு வெளிப்புறச் சாகசப் பூங்காவுக்குச் சென்று, கட்டிய பணத்துக்குப் பாதி அளவுகூடப் பயன் இல்லாமல் திரும்பினோம். பணம் போனது மட்டும் என்றால் நான்கு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால், குழந்தைகளுக்கு அங்கே மாட்டிவிடப்படும் பாதுகாப்புக் கருவிகளின் நிலையை நேரில் பார்த்த பிறகு, இதை விரிவாக எழுதி வைப்பதே சரி என்று முடிவு செய்தேன்.

முன்பதிவுப் பக்கத்தில் ‘அனைத்து வயதினருக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஜிப்லைன் (சரிவான கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்வது), உயரக் கயிற்றுப் பாதை, ஏறு சுவர், ராட்சத ஊஞ்சல் ஆகிய நான்கும் ஒரே ஃபேமிலி பேக்கேஜில் அடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். உயர வரம்பு, எடை வரம்பு ஆகியவற்றைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. நுழைவாயில் கவுன்ட்டரில் மீதித் தொகையை வாங்கிக்கொண்டு, எல்லோர் கையிலும் காகிதக் கைப்பட்டையை ஒட்டி, ‘கைப்பட்டை ஒட்டிய பின் பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்ட ரசீதை நீட்டினார்கள். அதன்பிறகு உள்ளே சிறிது தூரம் நடந்தால்தான், உயரம் அளக்கும் பலகை கண்ணில் படுகிறது. ஏழு வயது மகள் அந்தக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றாள். “பாப்பாவுக்கு ஹைட் பத்தாது மேடம், கயிற்றுப் பாதைக்கும் ஜிப்லைனுக்கும் விட முடியாது” என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். வெளியே முழுக் கட்டணம் வாங்கினார்களே என்று கேட்டதற்கு, “அது கவுன்ட்டர்ல பேசணும்” என்றார். கவுன்ட்டருக்குத் திரும்பி வந்தால், கைப்பட்டை ஒட்டியாகிவிட்டதே என்று பதில் வந்தது. உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மட்டுமே வந்த என் மாமியாருக்கும் அதே பேக்கேஜ்தான். பார்வையாளருக்கென்று தனிச் சீட்டு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

வரம்புகள் வைத்ததை நான் குறை சொல்லவில்லை. கயிற்றுப் பாதையில் தலைக்கு மேலே ஓடும் பாதுகாப்புக் கம்பியில் கொக்கியைத் தாமே மாற்றி மாட்டுகிற அளவுக்குக் குழந்தையின் கை எட்ட வேண்டும். ஜிப்லைனில் எடை மிகவும் குறைந்தவர் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். எடை மிக அதிகமானவர் மறுமுனைக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் போய்ச் சேரக்கூடும். ஆகவே, அந்த அளவுகள் இருந்தே தீர வேண்டும். என் ஆட்சேபம், அந்தப் பலகை பணம் வாங்கும் இடத்துக்கு முன்னால் இல்லாமல் பின்னால் வைக்கப்பட்டிருப்பது குறித்ததுதான். சாகசச் சுற்றுலாவில் பங்கேற்பாளர்களுக்குத் தர வேண்டிய தகவல்களுக்கென்றே ஐஎஸ்ஓ 21103 என்ற சர்வதேசத் தரநிலை 2014ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அப்படியிருக்க, தகவல் தெரிந்தால் டிக்கெட் விற்காது என்பதற்காகவே அதை உள்ளே மறைத்து வைத்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஜிப்லைனும் அன்று ஓடவில்லை. இடி மின்னல் காரணமாகவோ பலத்த காற்று காரணமாகவோ நிறுத்தியிருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டோம். வானம் தெளிவாக இருந்தது. ‘பராமரிப்புப் பணி’ என்ற அட்டை மேடையின் கீழே தொங்கியது. அது மூடியிருப்பது அவர்களுக்குக் காலையிலேயே தெரியும், அப்படியும் அதையும் சேர்த்தே கவுன்ட்டரில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. மகனுக்குப் பத்து வயது, ஒல்லியான உடல். அவனுக்குப் பெரியவர்கள் போடும் இடுப்பு ஹார்னெஸை (உடலைப் பாதுகாப்புக் கயிற்றோடு இணைக்கும் பட்டைக் கட்டை) எடுத்து, தொடையைச் சுற்றும் பட்டைகளை இழுத்து மடித்துச் சொருகிவிட்டார்கள். இடுப்பு இன்னும் ஒடுங்கியிருக்கும் சிறுவர்கள் தலைகீழாகக் கவிழ்ந்தால், இடுப்பு ஹார்னெஸிலிருந்து நழுவிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் அவர்களுக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னெஸ் தனியாகத் தயாரிக்கப்படுகிறது. அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்திருக்க வேண்டிய நைலான் வெளிறிப்போய், ஓரங்களில் பஞ்சு பஞ்சாக நூல் பிரிந்து, கொக்கி உரசும் இடத்தில் விறைத்துப் போயிருந்தது. தயாரிப்பு ஆண்டும் வரிசை எண்ணும் இருக்க வேண்டிய துணி லேபிளில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. நைலான் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். நல்ல நிலையில் வைத்திருந்தாலும் இத்தகைய துணிக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பலர் அதிகபட்சம் 10 ஆண்டுகளே ஆயுள் குறிக்கிறார்கள். லேபிள் அழிந்துபோன ஒரு ஹார்னெஸின் வயதை அங்கே யாராலும் சொல்ல முடியாது. தலைக்கவசத்தின் தாடைப்பட்டையிலோ பூட்டு உடைந்து, பட்டையின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வேறு தாருங்கள் என்றேன். “நேத்துகூட இதே போட்டுக்கிட்டுத்தான் எல்லாரும் போனாங்க மேடம்” என்பதுதான் பதில்.

அதே நேரத்தில் மேலே மேடையில், எங்களுக்கு முன்னால் ஏறிய ஒரு சிறுவன் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாறும்போது, தன் இரண்டு கொக்கிகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று மாட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இரட்டைக் கயிறு கொடுப்பதன் நோக்கமே. அந்தப் பாதை முழுவதற்கும் இருந்த ஒரே ஊழியர், கீழே முதுகைக் காட்டியபடி இன்னொரு குடும்பத்துக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கீழிருந்து என் கணவர் போட்ட கூச்சலில்தான் அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் மகனை மேலே ஏற்றாமல் விலக்கிக்கொண்டோம். நாங்களாகவே விலகியதால் பணம் கிடையாது என்று அதற்கும் ஒரு விதியைக் காட்டினார்கள்.

கயிற்றுப் பாதைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15567, ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன் சோதனையையும், அதைத் தவிர ஆண்டுதோறும் தகுதி வாய்ந்த ஆய்வாளரின் முழு ஆய்வையும் எதிர்பார்க்கிறது. எந்த ஊரில் இருந்தாலும், கடைசி ஆய்வு எப்போது நடந்தது, அதன் சான்றிதழைக் காட்ட முடியுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்டபோது, மேலாளர் வந்ததும் காட்டுவதாகச் சொன்னார்கள். மேலாளர் மாலை வரை வரவில்லை. லாக்கருக்கும் கையுறைக்கும் தனிக் கட்டணம் பிடுங்கிய கதையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நுழையும்போது ஒரு டேப்லெட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். பின்னால் வரிசை நெருக்க, யாரும் அதைப் படிப்பதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்தாலும், நிறுவனத்தின் கவனக்குறைவால் நேரும் காயத்துக்கு அந்தக் கையெழுத்து கவசமாகாது என்பதே பல நாடுகளின் சட்ட நிலை. எனவே, கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று புகார் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியதும், பணத்துக்குப் பதிலாக ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். வார நாட்களில் மட்டும் செல்லுபடியாகும் அந்தக் கூப்பனை ஏற்றுக்கொண்டால் புகாரைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும் என்று மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி இருந்தது. ஏற்க மறுத்துவிட்டு, முன்பதிவுப் பக்கத்தின் படம், ரசீது, கைப்பட்டை, ஹார்னெஸின் புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, கார்டு வழங்கிய வங்கியில் முறையீடு செய்தோம். மூடிக் கிடந்த ஜிப்லைனுக்கும் மகளின் சீட்டுக்கும் உரிய தொகை திரும்பி வந்தது; மீதிக்கான புகார் நிலுவையில் இருக்கிறது. உங்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்திருந்தால், கூப்பனைத் தொடாமல் முதலில் வங்கியை அணுகுங்கள். இத்தகைய முறையீடுகளுக்குக் காலக்கெடு உண்டு, கூப்பன் பேச்சில் நாட்களைக் கடத்தினால் அது தாண்டிப்போய்விடும்.