நோட்டில் எழுதுவதா, அம்மாவிடம் சொல்வதா?

கடலூர் முதுநகரிலிருந்து துபாய்க்கு வேலைக்கு வந்த நான், கிடைத்த நன்மைகளை எண்ணிப் பார்க்க இரண்டு வழிகளைக் கைக்கொண்டேன்: இரவில் நோட்டில் எழுதுவது ஒன்று, அம்மாவிடம் தொலைபேசியில் சொல்வது மற்றொன்று. எழுதினால் சம்பளம், அடைத்த கடன், உடல்நலம் எனக் கணக்கு தெளிவாக நிற்கும். நேரக் கட்டுப்பாடும் இல்லை. அம்மாவிடம் பேசுவதென்றால், இங்கே இரவு 9 மணி அங்கே 10.30 என்பதால், வேலை முடிந்த உடனே அழைத்தாக வேண்டும். ஆயினும், 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயலில் பண்ருட்டிப் பக்கத்து எங்கள் முந்திரித் தோப்பு சாய்ந்ததையும், என் சம்பளத்தில் வைத்த கன்றுகள் இப்போது காய்ப்பதையும் அவர் சொல்லக் கேட்கும்போதுதான், நான் எழுத மறந்த பேறுகள் எத்தனை என்று புரிகிறது. அந்த மரங்களை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. நோட்டை விடப்போவதில்லை, ஒன்றுதான் என்றால், அம்மாவுடன் பேசுவதையே தேர்வேன்.