கம்பெனி ட்ரயலா, காலேஜ் ட்ரயலா? பெங்களூர் ஆஸ்பத்திரில கேட்டா எதுல சேரலாம்

பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரி எதுக்குப் போனாலும் "ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களா"ன்னு யாராவது கேக்குறது (மருந்தயோ சிகிச்சையயோ நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்குற கிளினிக்கல் ட்ரயல்தான் அது) இப்ப ரொம்ப சாதாரணம், அதுலயும் ஓசூர் கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் இருந்து கிட்வாய்க்கும் செயின்ட் ஜான்ஸுக்கும் நிம்ஹான்ஸுக்கும் பஸ் ஏறி வர்ற நம்ம ஆளுங்க இதுக்கு ரெண்டே விதமாத்தான் பதில் சொல்றாங்க. ஒண்ணு "எங்கள எலியாக்கப் பாக்குறீங்களா"ன்னு எந்திரிச்சுப் போயிடுறது, இல்லன்னா டாக்டர் சொன்னா சரின்னு காட்டுன இடத்துலலாம் கையெழுத்துப் போடுறது. நடத்துறது மருந்து கம்பெனியா இல்ல மெடிக்கல் காலேஜான்னு கேக்குற ஆளு ரொம்பக் கம்மி. நான் டாக்டர் இல்ல, இந்த ஃபீல்டுல டேட்டா பக்கம் வேலை பாக்குறேன், ரெண்டு வகை ட்ரயல் பேப்பரும் கையில வந்து போகும், அந்த அளவுக்குத் தெரிஞ்சத வெச்சு எழுதுறேன். சேரணுமா வேணாமான்னு முடிவு பண்ண உங்க டாக்டர்கிட்ட பேசிக்கோங்க.

முதல்ல ஸ்பான்சர்னா யாருன்னு தெளிவாயிடலாம். கிரிக்கெட் டீம் சட்டையில பேர் போடுற ஸ்பான்சர் இல்ல. ட்ரயல்ல ஸ்பான்சர்னா அத ஆரம்பிச்சு, நடத்தி, ஏதாவது ஆனா பொறுப்பேத்துக்குற ஆளு. கம்பெனி ட்ரயல்ல அது மருந்து கம்பெனி. காலேஜ் ட்ரயல்ல ஒரு டாக்டருக்குக் கேள்வி வரும், அவர் வேலை பாக்குற யுனிவர்சிட்டியோ இன்ஸ்டிட்யூட்டோ ஸ்பான்சரா நிக்கும், காசு அரசாங்க கிராண்ட்லயோ டிரஸ்ட்லயோ வரும், சில சமயம் காசே இருக்காது. மத்தபடி நடக்குற விதம் ரெண்டுலயும் பெரும்பாலும் ஒண்ணுதான், பல ட்ரயல்ல யாருக்குப் புது மருந்து யாருக்குப் பழைய மருந்துன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குற மாதிரி பிரிச்சுப் போடும், நீங்களும் கேக்க முடியாது டாக்டரும் மாத்த முடியாது.

என்னைக் கேட்டா பெரிய வித்தியாசம் கேள்வியிலதான் இருக்கு. கம்பெனி கேக்குற கேள்வி "என் மருந்து வேலை செய்யுதா, விக்க அனுமதி கிடைக்குமா". காலேஜ் கேக்குறது பெரும்பாலும் யாருக்கும் லாபம் இல்லாத கேள்வி. கொரோனா நேரத்துல ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஸ்பான்சர் பண்ண ரிகவரி ட்ரயல எடுத்துக்கோங்க, 2020 மார்ச்ல ஆரம்பிச்சாங்க, ஜூன்லயே டெக்ஸாமெத்தசோன் ரிசல்ட் வந்துடுச்சு. மூலைக் கடை மெடிக்கல்ல சில ரூபாய்க்குக் கிடைக்குற பழைய ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. பேடன்ட் முடிஞ்சு போன மாத்திரைய ஆயிரக்கணக்கான பேருக்குக் குடுத்துப் பாக்க எந்தக் கம்பெனி கோடிக்கணக்குல செலவு பண்ணும்? அதே ட்ரயல்தான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆஸ்பத்திரில சேர்ந்தவங்களுக்குப் பிரயோஜனம் இல்லைன்னும் சொல்லுச்சு, அந்த நேரத்துல நம்ம ஊர்ல அந்த மாத்திரைக்கு அலைஞ்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நம்ம நாட்டுக் கதையே இருக்கு. மும்பை டாடா மெமோரியல்ல மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி கட்டியச் சுத்தி சாதாரண மரத்துப்போற ஊசி லிடோகைன் போட்டா என்ன ஆகும்னு பாத்தாங்க. 11 சென்டர், 1600 பெண்கள், 2023ல பேப்பர் வந்துச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு ஊசி போட்டவங்கள்ல 90.1 சதவீதம் உயிரோட, போடாதவங்கள்ல 86.4. பல் டாக்டர்கிட்ட போடுற மருந்துங்க அது! அதே இடத்துல இன்னொண்ணு: நிவோலுமாப்னு லட்சக்கணக்குல செலவாகுற இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியத் தூண்டி விடுற மருந்து, வழக்கமான டோஸ் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க 240 மில்லிகிராம், நம்ம ஆளுங்களுக்கு அது கட்டுப்படியாகாது, அதனால மூணு வாரத்துக்கு ஒருக்க வெறும் 20 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க. முத்திப்போன தலை கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேர், மத்த மாத்திரைகளோட இதையும் சேத்தவங்கள்ல ஒரு வருஷம் தாண்டி இருந்தவங்க 43.4 சதவீதம், சேக்காதவங்கள்ல 16.3. மருந்து கம்மியா குடுத்தா போதுமான்னு எந்தக் கம்பெனியாவது கேக்குமா? சென்னை சேத்துப்பட்டுல 1956ல ஆரம்பிச்ச காசநோய் ட்ரயலும் இதே ரகம்தான், ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), மெட்ராஸ் அரசு, டபிள்யூஎச்ஓ, பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாம் சேர்ந்து, சானடோரியம்ங்குற காசநோய் ஆஸ்பத்திரில படுக்க வெக்கணுமா இல்ல வீட்ல இருந்தே மாத்திரை சாப்ட்டா போதுமான்னு பாத்தாங்க, வீடே போதும்னு வந்துச்சு, உலகம் முழுக்க டிபி வைத்தியமே மாறிப்போச்சு.

இதுக்காகக் கம்பெனிய வில்லனாக்கவும் வேணாம். புத்தம்புது மாலிக்யூல லேப்ல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு வர்ற காசும் ஆளும் பெரும்பாலும் அவங்ககிட்டத்தான் இருக்கு, இருக்குற எல்லா மருந்தும் கைவிட்ட ஒருத்தருக்கு புது மருந்து கிடைக்குற ஒரே வழி கம்பெனி ட்ரயலா இருக்கலாம், அதுவும் ஃப்ரீயா. கோடு அவ்வளவு சுத்தமாவும் இல்ல. நம்ம பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஒருங்கிணைச்ச பாலிகேப் ஸ்டடி, அஞ்சு மருந்த ஒரே கேப்ஸ்யூல்ல அடைச்சு இதய நோய் வராமத் தடுக்க முடியுமான்னு பாக்குற வேலையில முதல் படி, நாடு முழுக்க 50 சென்டர், 2053 பேர், 2009ல வந்துச்சு, காசும் கேப்ஸ்யூலும் கேடிலா கம்பெனியோடது. கேள்வி டாக்டர்களுக்கும் வேணும், கம்பெனிக்கும் வேணும். இந்த மாதிரி கலப்பு நிறைய இருக்கு, அதனால நீங்க கையெழுத்துப் போடுற சம்மதப் படிவத்துல (கன்சென்ட் ஃபார்ம்) ஸ்பான்சர் பேரு ஒரு இடத்துலயும் காசு தர்றவங்க பேரு இன்னொரு இடத்துலயும் இருந்தா ரெண்டையும் படிங்க.

சட்டம் பக்கம் வந்தா காலேஜ் ட்ரயலுக்கு ஒரு சலுகை இருக்கு, பல பேருக்குத் தெரியாது. 2019ல வந்த புது மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகள்படி, ஏற்கனவே அனுமதி வாங்குன மருந்த வேற நோய்க்கோ வேற டோஸ்லயோ வேற வழியிலயோ குடுத்துப் பாத்து, ரிசல்ட்ட வியாபாரத்துக்கு இல்லாம ஆராய்ச்சிக்கு மட்டும் வெச்சுக்கிட்டா, டெல்லில இருக்குற டிசிஜிஐ (நாட்டோட மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி) அனுமதி தேவையில்ல, சேர்றவங்களுக்கு அநியாயம் நடக்காமப் பாத்துக்குற எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொன்னா போதும். கம்பெனி புது மருந்துன்னா டெல்லியும் பாக்கணும் கமிட்டியும் பாக்கணும். கமிட்டில குறைஞ்சது 7 பேர், அதுல பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரியச் சேராதவங்க, தலைவரும் வெளியாள், வக்கீல் ஒருத்தர், மெடிக்கல் சம்பந்தமே இல்லாத சாதாரண ஆள் ஒருத்தர், பெண் ஒருத்தராவது இருக்கணும்னு விதி. ஆக காலேஜ் ட்ரயல்ல உங்களுக்கு இருக்குற காவல் முழுக்க அந்தக் கமிட்டிதான், அது உருப்படியா வேலை செய்யுற கமிட்டியா இல்ல மாசம் ஒருக்க காபி பிஸ்கட்டோட முடியுற கமிட்டியான்னு வெளியில இருந்து கண்டுபிடிக்க வழி இல்லை, அது எனக்கு உறுத்தலான விஷயம்.

இப்ப காசு, இதுலதான் காலேஜ் ட்ரயல் சறுக்கும். கம்பெனி ட்ரயல்ல மருந்து, ஸ்டடிக்கான டெஸ்ட் எல்லாம் அவங்க செலவு, வந்து போற ஆட்டோ பஸ் காசும் பெரும்பாலும் தருவாங்க. உடம்புக்கு ஏதாவது ஆனா ஃப்ரீ வைத்தியம் குடுக்கணும், ட்ரயலாலதான் ஆச்சுன்னா நஷ்ட ஈடு, அதுக்கு ஃபார்முலாவே இருக்கு: 8 லட்சத்த அடிப்படையா வெச்சு வயசு, ஏற்கனவே இருந்த நோயோட ரிஸ்க் ரெண்டையும் போட்டுக் கணக்குப் பண்ணுவாங்க, உயிரே போனா சுமார் 4 லட்சத்துல இருந்து 73.6 லட்சம் வரைக்கும் வரும், ஒரு மாசத்துக்குள்ள போயிடுவாங்கன்னு 90 சதவீதத்துக்கு மேல உறுதியா இருந்த நிலைமைன்னா மட்டும் 2 லட்சம். காலேஜ் ட்ரயல்ல? ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டி இன்ஸ்டிட்யூட்டே ஸ்பான்சர் மாதிரி பொறுப்பேத்துக்கணும், இன்சூரன்ஸோ கார்பஸ் ஃபண்டோ (இதுக்குன்னே தனியா எடுத்து வெக்குற பணம்) கிராண்ட்ல ஒரு பங்கோ ஒதுக்கணும்னு சொல்லுது. பெரிய இன்ஸ்டிட்யூட்ல அது ஒழுங்கா இருக்கும். சின்ன இடத்துல ஃபார்ம்ல "தேவையான சிகிச்சை அளிக்கப்படும்"னு ஒரே வரி, யாரு பில் கட்டுவான்னு ஒரு வார்த்தை இருக்காது. வழக்கமான வைத்தியச் செலவும் பெரும்பாலும் உங்க தலையிலதான், எக்ஸ்ட்ரா டெஸ்ட் மட்டும் கிராண்ட்ல. உங்க மெடிக்ளெய்ம் இருக்கேன்னு நெனைக்காதீங்க, நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குத் தர மாட்டோம்னு பாலிசிலயே இருக்கும்.

ஃபாலோஅப் விஷயமும் அப்படித்தான். கம்பெனி ட்ரயல்ல மானிட்டர்னு ஒருத்தர் வந்து ஒவ்வொரு பேஷன்ட் ஃபைலையும் நோண்டுவாரு, நீங்க ஒரு விசிட் வரலன்னா கோஆர்டினேட்டர் போன் மேல போன் போடுவாங்க, தொல்லையா இருந்தாலும் உங்கள ஒருத்தர் கவனிக்கிறார்னு அர்த்தம். காலேஜ்ல நிறைய ட்ரயல், மேல்படிப்பு படிக்குற பிஜி ஸ்டூடன்ட் டிகிரிக்காகப் பண்ற தீசிஸ். மூணு வருஷப் படிப்பு, தூங்காத கண்ணோட ஒரு பையனோ பொண்ணோ டியூட்டிக்கு நடுவுல உங்களுக்கு ஃபார்ம் ஃபில் பண்றாங்க, படிப்பு முடிஞ்சா கிளம்பிடுவாங்க. எங்க சொந்தத்துல ஒரு அத்தை இங்க ஒரு காலேஜ் ஆஸ்பத்திரில சர்க்கரைப் புண்ணு ஸ்டடில சேர்ந்தாங்க, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, ஆனா அந்த டாக்டரம்மா எக்ஸாம் முடிஞ்சு ஊருக்குப் போனப்புறம் ஃபார்ம்ல இருந்த நம்பர் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப், ஓபில கேட்டா "எந்த ஸ்டடிம்மா"ன்னாங்க. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல, ஆள் இல்ல அவ்வளவுதான். கம்பெனியும் இதுல புனிதம் கிடையாது, பிசினஸ் முடிவு மாறுனா பாதியிலயே ட்ரயல மூடிட்டுப் போயிடும்.

ரிசல்ட் வெளிய வருமான்னு பாத்தா ரெண்டு பக்கமும் ஓட்டை. கம்பெனி காசுல நடக்குற ஆராய்ச்சில ரிசல்ட் கம்பெனிக்குச் சாதகமா வர்றது அதிகம்னு, மருத்துவ ஆராய்ச்சிகள மொத்தமாச் சேத்து அலசுற காக்ரேன் அமைப்பே சொல்லிருக்கு. காலேஜ்ல வர்ற வியாதி வேற, தீசிஸ் பைண்ட் பண்ணி லைப்ரரில தூங்கும். ஆனா பெரிய அரசு ட்ரயல் நல்லா நடந்தா அதோட தில்லே தனி: ஐசிஎம்ஆரோட பிளாசிட் ட்ரயல், 39 ஆஸ்பத்திரி, 464 பேர், கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுத்த பிளாஸ்மாவக் குடுக்குறதுல பிரயோஜனம் இல்லைன்னு 2020லயே சொல்லுச்சு, ஊரே வாட்ஸாப்ல பிளாஸ்மா டோனர் தேடிட்டிருந்த நேரம், 2021 மே மாசம்தான் அரசோட கொரோனா சிகிச்சை வழிகாட்டில இருந்து அத எடுத்தாங்க.

காலேஜ்னா மனசாட்சி கூடன்னும் நெனைச்சுக்க வேணாம். இதே டாடா மெமோரியல் 1998ல மும்பைல ஆரம்பிச்ச கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங் ட்ரயல், வினிகர் தடவிப் பாக்குற முறை, சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், ஸ்கிரீனிங் பண்ண குரூப்ல அந்தப் புற்றுநோய்ச் சாவு 31 சதவீதம் குறைஞ்சது. அருமையான ரிசல்ட்தான், ஆனா இன்னொரு குரூப்புக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும் குடுத்து ஸ்கிரீனிங் பண்ணாம விட்டது சரியான்னு பெரிய சர்ச்சை. இந்தியால அப்ப வழக்கத்துல ஸ்கிரீனிங்கே இல்லையேங்குறது அவங்க தரப்பு. எனக்கு அந்தப் பதில் முழுசா சமாதானமா இல்ல.

நல்லா இருக்குற ஆளுங்களுக்குக் காசு குடுத்து ராத்திரி தங்க வெச்சு ரத்தம் எடுக்குறாங்களே, அது வேற கதை, ஜெனரிக் மருந்து ஒரிஜினல் மாதிரியே உடம்புல ஏறுதான்னு பாக்குற ஸ்டடி. வைத்தியம் கிடையாது, அத இந்த ரெண்டோட கலக்காதீங்க, காசுக்காக ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணுக்கு ஓடவும் ஓடாதீங்க.

அப்ப எதுல சேரலாம்? உங்க வியாதிக்கு இருக்குற மருந்தெல்லாம் பாத்தாச்சு, இனி ஒண்ணும் இல்லைங்குற நிலைமைன்னா நான் கம்பெனி ட்ரயலத்தான் முதல்ல தேடுவேன், மருந்து எனக்கு வேலை செஞ்சா ட்ரயல் முடிஞ்சப்புறமும் தொடர்ந்து கிடைக்குமான்னு மட்டும் எழுத்துல கேப்பேன். வழக்கமான வைத்தியமே நடக்குது, ரெண்டு பழைய மருந்துல எது மேல்னு பாக்குறாங்க, இல்ல டோஸ் குறைச்சுப் பாக்குறாங்கன்னா காலேஜ் ட்ரயல்ல கண்ண மூடாம, ஆனா தைரியமா சேருவேன், அது கிராண்ட் வாங்குன பெரிய ட்ரயலா இருந்தா ரொம்ப சந்தோஷம். தீசிஸ்னா ரத்த டெஸ்ட், கேள்வித்தாள், யோகா மாதிரி ரிஸ்க் கம்மியானதுக்குச் சரி, புதுசா ஊசி மருந்து போடுறதுன்னா யோசிப்பேன். சின்னக் காலேஜ், நஷ்ட ஈடு பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாத ஃபார்ம், ரிஸ்க்கான மருந்து, இந்த மூணும் ஒண்ணா இருந்தா சிரிச்சுக்கிட்டே வேணாம்னு சொல்லிட்டு வந்துடுவேன், அதுக்காக உங்க வழக்கமான வைத்தியத்த நிறுத்த அவங்களுக்கு உரிமை கிடையாது.

கையெழுத்துக்கு முன்னாடி சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க. இந்தியாவோட ட்ரயல் ரெஜிஸ்ட்ரி, 2007ல ஆரம்பிச்சது, யாரு வேணா ஃப்ரீயா பாக்கலாம். ஸ்பான்சர் யாரு, காசு எங்க இருந்து, டிசிஜிஐ அனுமதி உண்டா, பிஜி தீசிஸா, எல்லாம் அதுல தனித்தனி கட்டத்துல இருக்கும். 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆளச் சேக்குறதுக்கு முன்னாடியே பதியணும், அதனால "நம்பர் இன்னும் வரல"ன்னு சொன்னா வந்தப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லிடுங்க. கன்னடமும் இங்கிலீஷும் படிக்கத் தெரியாத அம்மா அப்பாவக் கூட்டிட்டுப் போறவங்க தமிழ் ஃபார்ம் கேளுங்க, நம்ம ஆளுங்க நிறைய வர்ற ஆஸ்பத்திரில கமிட்டி பாத்த தமிழ் காப்பி பல ஸ்டடிக்கு இருக்கும், கேட்டாத்தான் டிராயர்ல இருந்து வெளிய வரும். கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு உங்க கைக்கு வரணும், அதுல எத்திக்ஸ் கமிட்டி ஆபீஸ் நம்பர் இருக்கும், வீட்டுக்கு வந்த உடனே மகனோ மருமகளோ யார் போன் எடுப்பாங்களோ அவங்க மொபைல்ல அத சேவ் பண்ணி வெச்சுடுங்க, டாக்டர் நம்பர் மாறும், அந்த லேண்ட்லைன் அவ்வளவு சீக்கிரம் மாறாது.