நைட்ஸ் ஆஃப் கொலம்பஸும் வின்சென்ட் தே பவுல் சபையும்

இரண்டுமே கத்தோலிக்கப் பொதுநிலையினரின், அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகளின், அமைப்புகள். பிறந்த காரணம்தான் வேறு.

1882-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், புனித மரியாள் ஆலயத்து இளம் குரு மைக்கேல் மெக்கிவ்னி நைட்ஸ் ஆஃப் கொலம்பஸைத் தொடங்கினார். உழைக்கும் தகப்பன் செத்தால் குடும்பமே சிதறிவிடும் காலம் அது. தன் தந்தை இறந்தபோது அவரே குருமடப் படிப்பை நிறுத்தி வீடு திரும்ப நேர்ந்தது. 1882 பிப்ரவரியில், தகப்பனை இழந்த ஒரு பையனுக்கு நீதிமன்றத்தில் தானே பாதுகாவலராக நின்றார். உறுப்பினர் இறந்தால் விதவைக்குப் பணம் என்ற ஏற்பாடு இந்த வேதனையில் பிறந்தது. அது இன்று பெரும் காப்பீட்டு நிறுவனம். உறுப்பினர்கள் சுமார் 20 லட்சம், ஆண்கள் மட்டும்.

வின்சென்ட் தே பவுல் சபை மூத்தது: 1833, பாரிஸ். தொடங்கியவர்களில் முதன்மையானவர் 20 வயது மாணவர் பிரெடெரிக் ஓசானம். இங்கே காப்பீடு கிடையாது. ஏழையின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் வேலை. எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. நம்மூர் ஆலயப் பங்குகளிலும் இச்சபை இயங்குகிறது.

முன்னது சக உறுப்பினனின் குடும்பத்தைக் காக்கப் பிறந்தது, பின்னது அறியாதவனைத் தேடிப் போக. என் மனம் ஓசானம் பக்கமே சாய்கிறது. ஆனால் குடும்பத் தலைவனை இழந்த வீட்டுக்கு உறுதியான தொகை கிடைக்க வழிசெய்ததில் மெக்கிவ்னியின் ஏற்பாடே வலுவானது.