ரயிலில் லேப்டாப்புக்கு நெட்: ஹாட்ஸ்பாட்டா, கேபிளா, டாங்கிளா?

ஓடும் ரயிலில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலானோர் யோசிக்காமல் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறார்கள். தனியாகப் போகிறவருக்கு அதைவிட போனை யூ.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு மாட்டி நெட் எடுப்பது மேல் என்பது என் கட்சி. டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் துண்டு), பாக்கெட் ரவுட்டர் (சிம் போட்டு வை-ஃபை பரப்பும் கையடக்கப் பெட்டி), சிம் போடும் லேப்டாப் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் சின்னது.

ஹாட்ஸ்பாட்டில் போனுக்கு இரட்டை வேலை. ஒரு பக்கம் டவரோடு பேச வேண்டும், இன்னொரு பக்கம் வை-ஃபை பரப்ப வேண்டும். ரயில் ஓட ஓட டவர் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் வேலையே போனுக்குப் பெரும்பாடு. சிக்னல் மெலிந்த இடங்களில் போன் சூடேறும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். தவிர, பெட்டியில் நாலு பேர் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல்தான். போன் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அது எட்டும் தூரம் குறைவு, ஆனால் லேப்டாப் மடியில்தானே இருக்கிறது! ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’யை அணைத்தால் போதும்.

கேபிளில் மாட்டினால் இந்த வை-ஃபை வேலையே போனுக்கு இல்லை. லேப்டாப்பிலிருந்து சார்ஜும் ஏறும் (லேப்டாப் பேட்டரிக்கு அது செலவுதான்). வேகம் கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், டவர் தருவதுதான் வரும். ஆனால் இணைப்பு நிலையாக இருக்கும், வீடியோ மீட்டிங்கில் அந்த வித்தியாசம் தெரியும். இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஏ.சி. பெட்டியின் இரும்புச் சுவர் சிக்னலை மறைக்கும். ஒன்றரை மீட்டர் கேபிள் இருந்தால் போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு நீங்கள் வசதியான இடத்தில் உட்காரலாம். இரண்டு ‘கட்டம்’ சிக்னல் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேபிளிலும் தொல்லை உண்டு. சில மலிவு கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும்தான் இருக்கும். அதை மாட்டினால், போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ பட்டன் போன் செட்டிங்கில் மங்கலாகவே கிடக்கும், அழுத்த முடியாது. ஆண்ட்ராய்டும் விண்டோஸும் என்றால் மாட்டி அந்தப் பட்டனை அழுத்தினாலே வேலை செய்யும். ஐபோனை விண்டோஸில் மாட்ட ஆப்பிளின் மென்பொருள் முதலில் வேண்டும். மேக்கோடு பல ஆண்ட்ராய்டு போன்கள் கேபிளில் ஒத்துப்போகாது, அவர்களுக்கு ஹாட்ஸ்பாட்தான் கதி. புளூடூத் டெதரிங்கும் இருக்கிறது. சார்ஜ் மிச்சம்தான், ஆனால் மெயில் பார்ப்பதற்கு மேல் அதை நம்ப முடியாது.

டாட்டா ஃபோட்டான் என்ற டாங்கிள் ஓடிய காலத்தில் டாங்கிள் இல்லாமல் வெளியூரில் வேலையே நடக்காது. இன்று 4ஜி டாங்கிள் வாங்கினால் தனி சிம், தனி ரீசார்ஜ், லேப்டாப் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு துண்டு. போகிற வருகிறவர் இடித்தால் போர்ட்டே போய்விடும். ஜியோஃபை மாதிரி பாக்கெட் ரவுட்டர் பரவாயில்லை. பத்து கருவிகள் வரை சேரும், குடும்பத்தோடு போகும்போது அதுதான் நல்லது. போன் சார்ஜுக்கும் பங்கம் இல்லை.

ரவுட்டருக்காகச் சொல்லப்படும் முக்கியமான வாதம், போனில் ஏர்டெல், ரவுட்டரில் ஜியோ என்று இரண்டு நெட்வொர்க் கையில் இருக்கும் என்பது. சரிதான், ஆனால் இரட்டை சிம் போனிலும் அதைச் செய்யலாமே. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: டேட்டா ஒரு சிம்மில் ஓடும்போது மற்ற சிம்மில் அழைப்பை எடுத்தால் பல போன்களில் நெட் நின்றுவிடும். முக்கியமான மீட்டிங் என்றால் அழைப்புகளை வேறு போனுக்குத் திருப்பிவிடுங்கள். செங்கோட்டை–புனலூர் பாதையின் சுரங்கங்களில் எத்தனை சிம் இருந்தாலும் பயனில்லை. ஜம்மு காஷ்மீர் போகிறவர்கள் போஸ்ட்பெய்டு சிம் எடுத்துப் போக வேண்டும், வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது.

சிம் போடும் லேப்டாப் சுகமோ சுகம். மூடியைத் திறந்தால் நெட். திங்க்பேட், சர்ஃபேஸ் வரிசைகளில் சில மாடல்களில் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போதே அந்த வசதியைக் கேட்டு, கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டும். ஆன்டெனா இல்லாத மாடலில் பிறகு சேர்ப்பது லேசில்லை. கம்பெனி வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எதை எடுத்தாலும் டேட்டா கணக்கு ஒன்று இருக்கிறது. தினம் 1.5 அல்லது 2 ஜி.பி. பிளானில் அது தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடும். விண்டோஸில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ (இந்த நெட்டில் டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடு என்று சொல்லும் செட்டிங்) போட்டு வைத்தால் அப்டேட்டுகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனால் ஹாட்ஸ்பாட்டுக்குப் போட்டது கேபிளுக்குச் செல்லாது. கேபிளில் வரும் நெட்டை விண்டோஸ் ‘ஈதர்நெட்’ என்றுதான் பார்க்கும், அங்கே தனியாகப் போட வேண்டும். மறந்தால், எழும்பூரில் ஏறியவரின் 2 ஜி.பி. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அப்டேட்டுக்கே போய்விடலாம்.