சேலத்து டெஸ்க்டாப்பில் ஈபாக்: பிளாஸ்மா சிமுலேஷன், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பிளாஸ்மாவை (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு) மேக்ரோ துகள்களாக, அதாவது பல நிஜத் துகள்களுக்கு ஒன்றாக நகர்த்தி, மின்காந்தப் புலத்தைக் கட்டத்தில் (செல்களாகப் பிரித்த பெட்டியில்) கணக்கிடுவது 'பிக்' (பார்ட்டிகிள்-இன்-செல்) முறை. அதற்கான திறந்த மூல மென்பொருள்களில் ஒன்று, இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து வளர்ந்த ஈபாக். லேசர்-பிளாஸ்மா கணக்குகளுக்காக 16 கோர், 64 ஜிபி ரேம் கொண்ட சாதாரண டெஸ்க்டாப்பில், சேலத்து வெயிலிலும் சேலத்து மின்வெட்டிலும் வருடக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்தவை இவை. ஒற்றைப் பரிமாணத்துக்கும் அளவான இருபரிமாணத்துக்கும் இப்படி ஒரு மெஷின் தாராளம். முப்பரிமாணத்துக்குப் பெரிய கிளஸ்டரில் இடம் கேட்பதே சரி.

நிறுவுவதில் சிக்கல் குறைவு. ஜிஃபார்ட்ரானும் (ஃபோர்ட்ரான் கம்பைலர்) ஓபன் எம்பிஐயும் (வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் நூலகம்) இருந்தால் போதும். கிட்டில் இருந்து இறக்கும்போது 'ரிகர்சிவ்' சேர்க்காவிட்டால் எஸ்டிஎஃப் பகுதி (முடிவுக் கோப்புகளை எழுதும் நூலகம்) வராது, கம்பைல் பாதியில் நின்றுவிடும். உபுண்டுவை அப்டேட் செய்த பிறகு பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

உண்மையான வேலை இன்புட் டெக் (ரன்னின் அளவுகளைச் சொல்லும் கோப்பு) எழுதும் முன்பே, காகிதத்தில் நடக்க வேண்டும். முதலில் டிபை நீளம்: பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் மறைக்கப்படும் தூரம். செல் இதைவிட வெகுவாகப் பெரிதாகக் கூடாது. எலக்ட்ரான் வெப்பநிலையை எலக்ட்ரான் வோல்ட்டிலும், அடர்த்தியைக் கன மீட்டருக்கும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் கண்டு 7434-ஆல் பெருக்கினால் டிபை நீளம் மீட்டரில் கிடைக்கும். 100 எலக்ட்ரான் வோல்ட், கன மீட்டருக்கு 10²⁵ என்றால் சுமார் 23.5 நானோமீட்டர். 0.8 மைக்ரோமீட்டர் லேசருக்கு அலைநீளத்துக்கு 32 செல் வைத்தால் செல் 25 நானோமீட்டர், இரண்டும் ஒத்துப்போகின்றன. அடர்த்தியை மட்டும் திட இலக்கின் அளவுக்கு ஏற்றினால் டிபை நீளம் ஒரு நானோமீட்டருக்கும் கீழே போய்விடும். அப்போது அதே செல் அளவில் ஓட்டினால் கணினி எந்தப் பிழையும் சொல்லாது. பிளாஸ்மா தானாகச் சூடாகிக்கொண்டே போகும், படமும் அழகாகவே வரும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. லேசர் கொடுத்த சூடு எது, கட்டம் கொடுத்த பொய்ச் சூடு எது என்று பிறகு பிரிக்க முடியாது.

ஆகவே லேசரை அணைத்து, எல்லைகளைப் பீரியாடிக் ஆக்கி (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்படி), அதே செல் அளவில் வெறும் பிளாஸ்மாவை முழு நேரத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். மொத்த ஆற்றல் ஏறினால் அந்தக் கட்டம் உதவாது. செல்லைச் சுருக்கலாம், அல்லது கம்பைல் செய்யும்போதே துகள் வடிவத்தை வழக்கமான முக்கோணத்திலிருந்து மூன்றாம் படி பி-ஸ்ப்லைனுக்கு (அதிக செல்களில் பரவும் மென்மையான வடிவம்) மாற்றலாம். ஒவ்வொரு ஸ்டெப்பும் (நேரப் படியும்) மெதுவாகும், ஆனால் பொய்ச் சூடு வெகுவாகக் குறையும். செல்லைப் பாதியாக்குவதைவிட இதுதான் மலிவு என்பது எங்கள் கணிப்பு: இருபரிமாணத்தில் இரு பக்கமும் செல்லைப் பாதியாக்கினால் செல்கள் 4 மடங்கு, ஸ்டெப்புகள் 2 மடங்கு, மொத்த வேலை 8 மடங்கு.

ஒரு கணக்கு: 40-க்கு 20 மைக்ரோமீட்டர் பெட்டி, செல் 25-க்கு 100 நானோமீட்டர். மொத்தம் 3,20,000 செல். செல்லுக்கு 10 எலக்ட்ரான் என்றால் 32 லட்சம் துகள். ஸ்டெப் சுமார் 0.077 ஃபெம்டோ விநாடி. 500 ஃபெம்டோ விநாடிக்கு ஏறக்குறைய 6,500 ஸ்டெப். இரைச்சல் துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் குறையும், பாதியாக்க 40 துகள் வேண்டும். வெளிவரும் எலக்ட்ரான் கற்றையின் வால்பகுதியைப் படிக்க நினைப்பவர்கள் 10-இல் நிறுத்தவே கூடாது.

வட்டு நிறைவதுதான் அடுத்த தலைவலி. இருபரிமாணத்தில் துகளுக்கு இரண்டு இடம், மூன்று உந்தம், ஒரு எடை: 48 பைட். 32 லட்சம் துகளை ஒருமுறை எழுத 150 எம்பிக்கு மேல். 5 ஃபெம்டோ விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 15 ஜிபி. ஒரு புலக் கூறுக்கோ 2.6 எம்பிதான். ஆகவே புலத்தை அடிக்கடி எழுதுங்கள். துகள்களுக்கு 'சப்செட்' பிளாக் வைத்து காமா (துகளின் ஆற்றலைக் காட்டும் சார்பியல் காரணி) நாம் வைத்த குறைந்தபட்ச அளவைத் தாண்டியவற்றை மட்டும் எடுங்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். ஏப்ரல், மே மதியங்களில் அறை வெப்பத்திலேயே சிபியு வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். 100 ஸ்டெப்புக்கு ஒருமுறை நேரம் திரையில் வரும்படி வைத்துக் கவனித்தால் மதியம் அது நீளுவது தெரியும். முடிவு கெடாது, நேரம்தான் போகும். நீண்ட ரன்களைச் சாயங்காலம் தொடங்குங்கள், ஹீட்சிங்க்கில் தூசி தட்டுங்கள். ஹைப்பர்த்ரெடிங்கை நம்பி 32 பிராசஸ் போடுவதில் பெரிய லாபமில்லை, வேகத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் மெமரிதான்.

ஏற்காட்டுப் பக்கம் கோடை இடி உருள ஆரம்பித்தால் கரண்ட் போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈபாக்கில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. அவுட்புட் ஃபோல்டரில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'ஸ்டாப்' என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தால், ரீஸ்டார்ட் டம்ப் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் கோப்பு) எழுதிவிட்டு அதுவே வெளியேறும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் இந்தக் கோப்பை உருவாக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால், ஆள் இல்லாத இரவிலும் ரன் பிழைக்கும். தொடங்குவதற்கு முன்பே அந்த டம்ப் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, பேட்டரி அதைத் தாங்குமா என்று சோதித்துவிடுங்கள்.

எதற்கு இது வேண்டாம்? 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அதிர்வெண் (ஆர்எஃப்) மின்சாரத்தால் உருவாக்கும் ஆர்கான் டிஸ்சார்ஜுக்கு. அடர்த்தி கன மீட்டருக்கு 10¹⁶, வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட் என்றால் டிபை நீளம் 0.1 மில்லிமீட்டர். செல்லையும் அந்த அளவில் வைத்தால், ஈபாக் ஒளி வேகத்தைப் பின்தொடர்வதால் ஸ்டெப் 0.33 பிக்கோ விநாடியைத் தாண்ட முடியாது. ஒரு ஆர்எஃப் சுற்றுக்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டெப். மின்நிலைப் புலத்தை மட்டும் தீர்க்கும் கோடில் சுமார் 35 பிக்கோ விநாடி வைக்கலாம், நூறு மடங்கு லாபம். சமநிலை வர நூற்றுக்கணக்கான சுற்றுகள் தேவைப்படும் வேலையில் இந்த வித்தியாசம்தான் எல்லாம். மோதல்களுக்கு மான்டே கார்லோ (சீரற்ற எண்களால் மோதலைத் தீர்மானிக்கும் முறை) சேர்த்த ஒற்றைப் பரிமாணக் கோடு ஒன்றை எழுதிக்கொள்வதே மேல்.

ஜிபியு கையில் இருப்பவர்கள் வார்ப்எக்ஸ் என்ற பிக் கோடைப் பாருங்கள். பைதானிலேயே இன்புட் எழுத விரும்புகிறவர்களுக்கு ஸ்மைலி என்ற பிக் கோடு வசதி. ஆனால் அதில் நீளம், நேரம் எல்லாம் ஒளியின் வேகத்தையும் ஒரு குறிப்பு அதிர்வெண்ணையும் வைத்து இயல்பாக்கிய அளவுகள். லேசர் அதிர்வெண்ணையே குறிப்பாக எடுத்தால் ஒரு அலைநீளம் 2π. எஸ்ஐ அலகில் பழகிய மாணவர் முதல் சில ரன்களில் பெட்டியின் அளவைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.