வாஷிங்டன் கோல்டா, சொந்த மாநிலச் சந்தையா?

அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரில் ஒரு குறும்பான பிரிவு உண்டு. ஊருக்கென்று அந்தச் சட்டம் போட்ட காப்பீட்டுச் சந்தையில்தான் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களும் அவர்களின் அலுவலக ஊழியர்களும் காப்பீடு வாங்க வேண்டும் என்கிறது அது. 2014 முதல் அவர்கள் முன்னே இரண்டு வழிகள்.

பிரீமியம்:
தலைநகர் வாஷிங்டனின் சிறுதொழில் சந்தையில் கிடைக்கும் கோல்டு எனும் உயர்தரத் திட்டம் – அரசு அதிகபட்சம் 75% வரை கட்டும்.
சொந்த மாநிலத்தின் தனிநபர் சந்தை – அரசுப் பங்கு கிடையாது, முழுத் தொகையும் கைக்காசு. முதலாளியான அரசே கட்டுபடியாகும் காப்பீடு தரத் தயாராக இருப்பதால் வரிச்சலுகையும் கிடைக்காது.

மருத்துவர்கள்:
கோல்டு – நாடு முழுக்கச் செல்லும் திட்டத்தைத் தேடி எடுக்கலாம்.
மாநிலத் திட்டம் – பெரும்பாலும் உள்ளூர் மருத்துவமனைகள்தான். வாரத்தில் பாதி நாள் வாஷிங்டனில் இருப்பவருக்கு அங்கே அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் சிக்கல்.

பேர்:
இங்கே மட்டும் மாநிலத் திட்டம் ஜெயிக்கிறது. "வாக்காளர் வாங்குவதையே நானும் வாங்குகிறேன்" என்று மேடையில் சொல்லலாம். கோல்டு எடுத்தவரை "உனக்கு மட்டும் மானியமா?" என்று கேட்பார்கள். பெரிய நிறுவன ஊழியர் பலருக்கும் முதலாளி பங்கு கட்டுகிறாரே என்பது சரியான பதில்தான். ஆனால் கூட்டத்தில் எடுபடாது.

குடும்பம், தொடர் சிகிச்சை என்றால் கோல்டு. வசதியும் இருந்து, ஒபாமாகேரை எதிர்த்தே ஓட்டு வாங்கியவர் என்றால் மாநிலத் திட்டம். சம்பளத்தை நம்பி வாழும் அலுவலக உதவியாளருக்கு யோசனையே வேண்டாம், கோல்டுதான்.