ராமர் பச்சையும் ஆறு டூல்களும்: 14 மாத அனுபவம்

திருப்பூரில் பனியன் துணி மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்து 14 மாதம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் துணி வாங்கும் பார்ட்டி கேட்பதைப் படித்து, ஸ்டாக் பார்த்து, ஆர்டரைப் பதிந்து வைக்கும். இதற்காக அது கூப்பிடும் சின்ன நிரல்கள், அதாவது டூல்கள், மொத்தம் ஆறு. இடையில் ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் ஏஐ மாடலை இரண்டு முறை மாற்றினேன். ஆனால் அதிக நேரம் போனது அந்த ஆறு டூல்களின் விளக்கங்களைத் திருத்தித் திருத்தி எழுதியதில்தான். அதிகப் பலன் தந்ததும் அதுதான்.

ஸ்டாக் டூலுக்கு நான் முதலில் எழுதியது ஒரே வரி: "துணியின் இருப்பைத் தரும்." உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் அது போதும் என்று தோன்றியது. மாடலுக்குத் தெரியாதே. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற ஸ்கீமா, இவ்வளவுதான் அதன் கைக்குப் போகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் டூலைக் கூப்பிட வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபியிலும் (ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கும் பொது விதிமுறை) அப்படித்தான்.

இரண்டாவது வாரம் கடையின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, ராமர் பச்சை இல்லைன்னு பார்ட்டிக்குச் சொல்லிருச்சுங்க. குடோன்ல 12 ரோல் கிடக்குதுங்க."

ஏஜென்ட் செய்வதெல்லாம் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். பார்ட்டி "ராமர் பச்சை" என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் அதை "டார்க் கிரீன்" ஆக்கி டூலைக் கூப்பிட்டிருக்கிறது. ஸ்டாக் புத்தகத்தில் இருப்பதோ "ராமா கிரீன்". டூல் காலிப் பட்டியலைத் திருப்பித் தர, சரக்கு இல்லை என்று ஏஜென்ட் முடிவு கட்டிவிட்டது. அன்று இரவே விளக்கத்தை மாற்றினேன் (டயா என்பது குழாய் வடிவத் துணியின் விட்ட அளவு, டையிங் என்பது சாயம் போடுவது):

"கேட்ட நிறத்திலும் டயாவிலும் குடோனில் இப்போது உள்ள இருப்பைக் கிலோவில் தரும். நிறத்தின் பெயர் ஸ்டாக் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பார்ட்டி சொன்ன பெயரை மொழிபெயர்க்காதே; முதலில் நிறப் பட்டியல் டூலில் அப்படியே தேடு. காலிப் பட்டியல் வந்தால் பெயர் பொருந்தவில்லை என்று பொருள், சரக்கு இல்லை என்று அல்ல. சரக்குத் தீர்ந்திருந்தால் இருப்பு 0 என்று வரும். டையிங்குக்குப் போயிருக்கும் துணி இதில் வராது."

இதில் கடைசி மூன்று வாக்கியங்களைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். டூல் என்ன செய்யும் என்பதை அதன் பெயரை வைத்தே மாடல் ஓரளவு ஊகித்துக்கொள்கிறது. எதைச் செய்யாது, வெறுங்கையோடு திரும்பினால் என்ன அர்த்தம் என்பதை எதை வைத்து ஊகிக்கும்? அரக்கு, சந்தனம், மயில் கழுத்து என்று பார்ட்டிகள் சொல்லும் பெயர்களையெல்லாம் நிறப் பட்டியலில் மாற்றுப் பெயராகச் சேர்த்தேன். அதற்குப் பிறகு நிறத்தில் தவறு வருவது அபூர்வம்.

அடுத்தது அளவு. ஆர்டர் டூலில் "அளவு" என்று ஒரு பாராமீட்டர், அதாவது உள்ளீடு, வைத்திருந்தேன். பார்ட்டி "5 போடுங்க" என்றால் இங்கே 5 ரோல். ஒரு ரோல் 20 கிலோவுக்குக் குறையாது. ஏஜென்ட் 5 கிலோ என்று பதிந்தது. "கிலோவில் தரவும்" என்று விளக்கத்தில் எழுதினேன். அப்படியும் அவ்வப்போது தவறியது. அப்புறம் பாராமீட்டரையே "ரோல் எண்ணிக்கை", "எடை கிலோவில்" என்று இரண்டாகப் பிரித்து, ஏதாவது ஒன்றுதான் வரலாம் என்று வைத்தேன். பிரச்சினை அத்தோடு நின்றது. ஆந்த்ரோபிக் பொறியாளர்களும் 2024 டிசம்பரில் இதே போன்ற ஒன்றை எழுதியிருந்தார்கள். நிரல் எழுதும் கோடிங் ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குப் போனதும், ஃபைலுக்கு ரிலேட்டிவ் பாத் (இருக்கும் ஃபோல்டரிலிருந்து மட்டும் வழி சொல்லும் முகவரி) கொடுத்துத் தவறியிருக்கிறது. முழுப் பாத் கொடுத்தால்தான் ஏற்கும் என்று டூலை மாற்றியதும் சரியாகிவிட்டது. பெயரிலோ ஸ்கீமாவிலோ அடைக்க முடிந்த ஓட்டையை விளக்கத்தை வைத்து அடைக்கப் பார்ப்பது வீண் வேலை.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டத்தில் கடை விதிகளையெல்லாம் ஆறு விளக்கங்களிலும் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு அழைப்பிலும் அத்தனையும் டோக்கனாக (மாடல் படிக்கும் சொல் துண்டுகள்) போய்ச் செலவு ஏறியதுதான் மிச்சம். பொதுவானவற்றை, மாடலுக்கு முதலிலேயே தரும் பொது அறிவுரையான சிஸ்டம் பிராம்ப்டுக்கு நகர்த்திவிட்டேன். இப்போது டூலுக்கு ஐந்தாறு வாக்கியம்.

மாதம் ஒருமுறை கணக்குப்பிள்ளையிடம் உட்கார்ந்து விளக்கங்களை வாய்விட்டுப் படிக்கிறேன். போன மாதம் ஆர்டர் டூலைப் படித்தபோது நிறுத்தச் சொன்னார். "லாட் மாறுனா ஷேடு மாறுமுங்க தம்பி. ஒரே ஆர்டருக்கு ரெண்டு லாட்டுத் துணி போனா, முன்பக்கம் ஒரு நிறம், கை ஒரு நிறமா தெச்சு நிக்கும்." ஸ்டாக் டூல் லாட் நம்பரை (எந்தத் தடவை சாயம் போட்ட துணி என்ற எண்ணை) திருப்பித் தருவதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாரம் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கத்தின் வாக்கியத்தை அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தேன்.